வழிகாட்டும் கருவி வாங்குவோருக்கு

மட்டக்களப்பிலிருந்து தாயார் ஒருவர் எழுதிய கடிதம் பத்து நாட்களாக எமது மேசைமேற் கிடக்கிறது. விடை எழுதத் தாமதித்ததற்குச் சோம்பல் காரணமன்று. கேள்வி சிறிது, அதன் பின்னே நிற்கும் பயம் பெரிது. ஆகவே நாலு பேரிடம் விசாரித்து, கருவிகள் சிலவற்றைக் கையிலெடுத்துப் பார்த்த பின்னரே எழுதத் துணிந்தோம்.

அவருடைய மகன் பேராதனையிற் பயிலும் மாணவர். சென்ற மார்கழி விடுமுறையில் நண்பர் நால்வருடன் நக்கிள்ஸ் மலைத்தொடருக்குச் சென்றிருக்கிறார். பிற்பகல் மூன்று மணிக்கு மூடிய புகார் கலையவேயில்லை. ஐவரிடமும் கைத்தொலைபேசி இருந்தது. ஆனால் அவற்றுள் ஒன்றிலேனும் தேசப்படம் தோன்றவில்லை. வெளிச்சத்துக்காக அவற்றையே ரோர்ச்சாகப் பிடித்ததால், இரவு எட்டு மணிக்குள் பற்றறியும் தீர்ந்துவிட்டது. பாறையொன்றின் கீழ் நனைந்து நடுங்கி விடியும்வரை இருந்தவர்களை, விறகு பொறுக்க வந்த ஊரவர் கண்டு கீழே கொண்டுவந்து விட்டனர். இப்பொழுது அதே ஐவரும் மறுபடியும் புறப்படப் போகிறார்களாம்.

"போகாதே என்றால் கேட்கிற வயதில்லை. ஜி.பி.எஸ். ஒன்று வாங்கிக் கொடுத்தால் அவன் எங்கே நிற்கிறான் என்று நானும் வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? இவருக்கும் மாதம் ஒருமுறை வியாபார விஷயமாக யாழ்ப்பாணம்வரை காரிற் போகிற வேலை. ஒரே கருவி இருவருக்கும் உதவுமா?" என்று கேட்கிறார் அம்மையார்.

முதலாவது கேள்விக்கு விடை, இல்லை என்பதே. இதைச் சுற்றி வளைக்காமற் சொல்லிவிடுவது நல்லது. ஜி.பி.எஸ். கருவி கேட்கும், பேசாது. வானொலிப் பெட்டியைப் போல அதற்குச் செவி உண்டு, வாய் இல்லை. அதை வைத்திருப்பவன் தான் நிற்குமிடத்தை அறிவான், வேறொருவரும் அறியார். செய்மதிகளுக்குக்கூட அவன் எங்கே நிற்கிறான் என்பது தெரியாது. கைத்தொலைபேசியில் மகன் நிற்குமிடத்தைத் தாய் பார்க்கிறாளென்றால், அதனை அனுப்புவது செய்மதியன்று, தொலைபேசிக் கோபுரம். கோபுரத்தின் அலை எட்டாத மலையில் அந்த வசதியும் இல்லை. இரிடியம் என்னும் தொலைத்தொடர்புச் செய்மதிகள் வழியாகச் செய்தி அனுப்பக்கூடிய கருவிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு மாதந்தோறும் சந்தா கட்டவேண்டும். அலைபரப்பும் சாதனமாதலால், வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் விசாரித்துக்கொள்வதும் அவசியம்.

இனி, அக்கருவி என்ன செய்கிறது என்பதை மாணவ நேயர்களுக்காகச் சிறிது கூறுவோம். இது தெரியாமற் கடைக்குப் போனால் விற்பவர் சொன்னதே வேதமாகிவிடும்.

பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில், அமெரிக்காவின் செய்மதிகள் முப்பதளவில் ஆறு பாதைகளில் வலம்வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக் கடிகாரத்தின் நேரத்தையும் தான் நிற்குமிடத்தையும் இடையறாது அறிவித்தவண்ணம் இருக்கிறது. அந்த அறிவிப்பு வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு, செய்மதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கையிலுள்ள கருவி கணக்கிடுகிறது. ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் செல்வதால், செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். நம் கையிலுள்ள கருவியின் கடிகாரம் மலிவானது; அதை நம்ப இயலாது. ஆகையாற்றான் மூன்று செய்மதிகள் போதாமல், நேரத்தைத் திருத்துவதற்கென நாலாவது ஒன்றும் வேண்டப்படுகிறது. இன்னொரு புதுமையும் உண்டு. ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி, அந்த உயரத்திலுள்ள கடிகாரம் நிலத்திலுள்ளதைவிட நாளொன்றுக்குச் செக்கனின் பத்து இலட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடுகிறது. அதைத் திருத்தாது விட்டால் ஒரே நாளிற் பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பிழை சேர்ந்துவிடும். சார்பியற் கொள்கை பரீட்சைக்கு மாத்திரம் உரியது என்று நினைக்கும் மாணவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. இராணுவத்துக்கென எழுந்த இந்த ஏற்பாட்டைப் பொதுமக்களும் பயன்படுத்தலாமென்ற அறிவிப்பு 1983இல் வந்தது. எனினும், பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து, நூறு மீற்றரளவு தவறும்படி வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. இன்று திறந்த வெளியில் ஒரு சாதாரண கைத்தொலைபேசியே ஐந்து மீற்றரளவு திருத்தமாக இடத்தைக் காட்டும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்னும் செய்மதிக் கூட்டங்களும் இப்பொழுது உள்ளன. இவை எல்லாவற்றையும் கேட்கும் கருவிக்குப் பள்ளத்தாக்கிலும் அடர்ந்த காட்டிலும் வசதி அதிகம்.

அப்படியாயின் அந்த ஐவரின் தொலைபேசிகள் ஏன் கைவிட்டன? கோபுர அலை இல்லாவிடில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு. சிம் அட்டையே இல்லாத தொலைபேசியும் செய்மதியைக் கேட்கும். ஆனால் இரண்டு இடையூறுகள் உண்டு. செய்மதி தன் விவரங்களை மிக மெதுவாக, செக்கனுக்கு 50 துணுக்கு வீதமே சொல்கிறது. எல்லாச் செய்மதிகளின் அட்டவணையையும் சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். ஊருக்குள் தொலைபேசி அந்த விவரங்களைக் கோபுரம் வழியாக நொடியிற் பெற்றுவிடுகிறது. மலையிலோ ஆகாயத்திலிருந்து சொட்டுச் சொட்டாகவே பெறவேண்டும். பொறுமையற்றவர்கள் "இது வேலை செய்யவில்லை" என்று அதற்குள் மூடிவிடுவார்கள். மற்ற இடையூறு இதைவிடப் பெரிது. இடம் தெரிந்தாலும் அதைக் குறித்துக்காட்டப் படம் வேண்டுமன்றோ? முன்கூட்டியே படத்தை இறக்கி வைக்காத தொலைபேசியில், வெள்ளைத்தாளின் நடுவே ஒரு நீலப்புள்ளி மாத்திரம் தெரியும். அதனால் யாருக்கு என்ன பயன்?

இடம் வானத்திலிருந்து வருகிறது. படம் மனிதன் வரைந்தது. இந்த வேற்றுமையை அறியாதவர்களே பெரும்பாலும் அவதிப்படுகிறார்கள். 2012ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அவுஸ்திரேலியாவிலுள்ள மில்டியூரா என்னும் நகரத்தை ஆப்பிள் நிறுவனத்தின் தேசப்படம் எழுபது கிலோமீற்றர் தள்ளி, நீரற்ற வனப்பூங்கா ஒன்றின் நடுவே காட்டியது. அதை நம்பிச் சென்றவர்கள் உணவும் நீருமின்றி அங்கே அகப்பட்டுக்கொண்டார்கள். வெப்பம் 46 பாகைவரை ஏறக்கூடிய இடமது. விக்டோரியா மாநிலப் பொலிசார் பகிரங்க எச்சரிக்கை விடுத்தபின்னரே படம் திருத்தப்பட்டது. 2009இல் சுவீடன் தேசத்துத் தம்பதியர் இருவர் காப்ரி என்னும் இத்தாலியத் தீவுக்குப் போகவேண்டி, எழுத்தை இடம்மாற்றிக் 'கார்ப்பி' என்று கருவிக்குக் கொடுத்துவிட்டு, அறுநூறு கிலோமீற்றருக்கு அப்பால் வடக்கேயுள்ள ஒரு தொழில் நகரத்திற் போய் இறங்கினார்கள். தீவுக்குப் போகிறவர்கள் வழியிற் கடலைக் காணவில்லையே என்று யோசிக்கவில்லை! சிரிக்கலாம், ஆனால் நம் நாட்டிலும் கல்முனை அம்பாறை மாவட்டத்தில் ஒன்று, பூநகரியில் ஒன்று. புளியங்குளங்களை எண்ணப் புகுந்தால் கைவிரல்கள் போதா.

எமக்கே நேர்ந்த ஒன்றையும் மறைக்காது சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், மாரிகாலத்தில், வவுனியாவுக்கு மேற்கேயுள்ள ஒரு கிராமத்துக்குக் காரிற் சென்றோம். கருவி காட்டிய குறுக்குப் பாதை பதினொரு கிலோமீற்றர் மிச்சமாகுமென்று ஆசை காட்டிற்று. திரும்பும் சந்தியிற் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் கைகாட்டி மறித்தார்.

"எங்கை தம்பி போறியள்?"

ஊரின் பெயரைச் சொன்னோம்.

"உந்தப் பாதையாலை இப்ப போகேலாது. குளம் வான் பாயுது. முழங்காலுக்கு மேலை தண்ணி."

"படத்திலை பாதை இருக்குதே, ஐயா?"

"பாதை இருக்குது தம்பி. அதுக்கு மேலை தண்ணியும் இருக்குது."

வானத்தைப் பார்க்கும் கருவிக்குக் குளத்தின் வான் தெரியவில்லை. அன்று வண்டியைத் திருப்பிப் பெருந்தெருவாலேயே போனோம். ஊரை அடைய இருட்டிவிட்டது.

இனி அம்மையாரின் கணவருக்கு வருவோம். காருக்கென்று தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை என்பதே எமது அபிப்பிராயம். பெருந்தெருக்களில் ஓடுகிறவருக்கு அவரிடமுள்ள கைத்தொலைபேசியே போதும். வடமாகாணத்தின் படத்தையும் இடைப்பட்ட மாவட்டங்களின் படங்களையும் வீட்டிலிருக்கும்போதே இறக்கி வைத்துவிட்டால், அலை இல்லாத இடத்திலும் அது பேசும். நல்ல பிடியொன்றும், வண்டியின் மின்சாரத்திலிருந்து பற்றறிக்கு ஊட்டும் வடமும் வாங்கட்டும். இரண்டுக்கும் அதிகம் செலவாகாது. பிடியை முன் கண்ணாடியின் நடுவே ஒட்டாமல், காற்றுத் துவாரத்துக்கு அருகே பொருத்துவது நன்று. உச்சி வெயில் நேரே விழும் கண்ணாடியில் வைத்த தொலைபேசி, சூடேறித் தானாகவே நின்றுவிடும். ஊரின் பெயரை வண்டி நிற்கும்போதே கொடுத்துவிட வேண்டும். ஓடும்போது தட்டுவதைப் பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுக. தனியே போகிறவராயின் தெருவோரத்தில் நிறுத்திவிட்டுத் தட்டுக.

தனிக் கருவியே வேண்டுமென்று சிலர் பிடிவாதமாக இருப்பர். பெரிய திரை, உரத்த குரல், ஓடும்போது தொலைபேசி அழைப்பு வந்து குழப்பாமை ஆகிய நன்மைகள் அதற்கு உண்டென்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கை. இலண்டனிலோ கனடாவிலோ உள்ள மைத்துனர் தாம் பாவித்த கருவியை அன்போடு கொண்டுவந்து தருவார். அதனுள் இருப்பது பெரும்பாலும் அந்த நாட்டுப் படமே. இலங்கைப் படத்தை அதில் ஏற்றலாமா என்று முதலிற் கேட்டறிக. மேலும், ஜி.பி.எஸ். செய்மதிகள் அறிவிக்கும் வாரக் கணக்கு 1,024 வாரங்களுக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் மாதத்தில் அவ்வாறு திரும்பியபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில திகதி தவறித் தடுமாறின. பழைய கருவியை இயக்கித் திகதியைப் பாருங்கள்; அது இருபது ஆண்டு பிந்தியிருந்தால் மைத்துனருக்கு நன்றி கூறி அலுமாரியில் வைத்துவிடலாம்.

மகனுக்கோ தனிக் கருவி வேண்டும். இதில் எமக்கு ஐயமில்லை. கையிற் பிடிக்கும் வகையில், காட்டுக்கும் மலைக்குமென்றே செய்யப்பட்டதாக அது இருக்கவேண்டும்.

முதலாவது பார்க்கவேண்டியது பற்றறி. உள்ளேயே அடைத்துவைத்த பற்றறி நெடுநேரம் நிற்குமென்பது உண்மையே. ஆனால் அது தீர்ந்த பின் மலையில் என்ன செய்வது? சுவர் மணிக்கூட்டுக்குப் போடுகிற ஏ.ஏ. அளவுப் பற்றறி இரண்டு போட்டால் இயங்குகின்ற கருவியே மாணவருக்கு ஏற்றது. அதனை எந்தச் சந்திக் கடையிலும் வாங்கலாம். கார்மின் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் இந்த இனத்தவை. இரண்டு பற்றறியில் 25 மணித்தியாலம்வரை ஓடுமென்பது செய்தவர் கணக்கு. அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஈட்ரெக்ஸ் எஸ்.ஈ. அதே இரண்டு பற்றறியில் 168 மணித்தியாலம் ஓடுமென்கிறார்கள். ஆனால் அதிற் படமில்லை. திசையும் கோடும் மாத்திரமே காட்டும். செய்தவர் கணக்கிற் பாதியை நம்பிப் புறப்படுவது எமது வழக்கம்.

அடுத்தது பொத்தான். கடையின் குளிரூட்டிய அறையில் நிற்கும்போது, விரலால் தடவும் திரை மனதைக் கவரும். மழையில் நனைந்து விறைத்த விரலுக்கு அழுத்தும் பொத்தானே உதவும். திரை சிறிதாயினும் வெயிலில் தெளிவாகத் தெரிகிறதா என்று கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கவேண்டும். நீர் புகாத தரத்தை ஐ.பி.எக்ஸ்.7 என்று குறித்திருப்பார்கள். ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் பழுதாகாது என்பது அதன் பொருள். அதற்குக் குறைந்ததை வாங்க வேண்டாம்.

32எக்ஸ் போன்றவற்றில் மின் திசையறி கருவியும் காற்றமுக்கமானியும் கூடவே இருக்கும். இவை வேண்டுமா என்று கேட்பர். திசையறி கருவி இல்லாத ஜி.பி.எஸ்., நடக்கும்போதே திசை சொல்லும். நின்றுவிட்டால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. புகாருக்குள் நின்று யோசிப்பவனுக்கு அது பெருங்குறை. எனினும் சாதாரண காந்தத் திசையறி கருவியொன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பவனுக்கு அந்தக் குறையில்லை, பணமும் மிச்சம். மலையேற்றத்துக்கு இரண்டு அலைகளைக் கேட்கும் கருவி இன்னும் நல்லது. பாறைச் சுவரிற் பட்டுத் தெறித்துவரும் அலையை அது ஓரளவு பிரித்தறியும். விலைதான் மாணவருக்கு எட்டாது.

எல்லாவற்றினும் மேலானது வந்த வழியே திரும்பும் வசதி. புறப்படும்போது கருவியை இயக்கிவிட்டால், நடந்த தடத்தை அது நூல்போலக் கோடிட்டுக்கொண்டே வரும். புகார் மூடியதும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாம். படம் நல்லதோ கெட்டதோ, அந்த நேரத்தில் அது தேவையேயில்லை. சென்ற மார்கழியில் இந்த ஒரு வசதி கையிலிருந்திருந்தால் ஐவரும் அன்றிரவே கீழே இறங்கியிருப்பார்கள் என்று எண்ணுகிறோம்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவியோடு வரும் உலகப் படத்தில் நம் நாட்டின் பெருந்தெருக்களுக்கு அப்பால் அதிகமிராது. 2004இல் தொடங்கிய ஓப்பின்ஸ்ரீற்மப் என்னும் பொதுமக்கள் படத்திலிருந்து ஆக்கிய இலங்கைப் படம் இலவசமாகக் கிடைக்கிறது, அதை ஏற்றிக்கொள்ளலாம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படத்தை வைத்திருப்பவர்கள் ஒன்றை மறவாதிருக்கவேண்டும். அப்படங்கள் கண்டாவளை அடிப்படையில் வரையப்பட்டவை, ஜி.பி.எஸ். கருவிகள் கணக்கிடுவதோ டபிள்யூ.ஜி.எஸ்.84 என்னும் உலக அடிப்படையில். ஒன்றின் எண்களை மற்றதில் அப்படியே வைத்தால் இடம் 200 மீற்றருக்கு மேல் விலகிவிடும். உலக முடிவின் விளிம்பில் 200 மீற்றர் என்பது சிறிய தூரமா? கருவியின் அமைப்புப் பக்கத்தில் கண்டாவளை என்ற பெயரைத் தெரிவுசெய்தால் இரண்டும் பொருந்தும்.

கடலுக்குக் கொண்டுபோகத் தக்க கருவி எதுவென்று பருத்தித்துறை நேயர் ஒருவர் முன்னர் கேட்டிருந்தார். நீரில் விழுந்தால் மிதக்கக்கூடியதை வாங்குக. 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி வகுக்கப்பட்ட கடல் எல்லையைக் கருவியிற் குறித்து, அண்மித்ததும் ஒலி எழுப்பும்படி வைத்துக்கொள்ளலாம். விரிவாகப் பின்னர் எழுதுவோம்.

அம்மையாருக்கு ஒரு வேண்டுகோள். கருவியைப் பிரயாணத்துக்கு முதல்நாள் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஒரு மாதம் முன்னரே வாங்குங்கள். வீட்டு வாசலைக் குறித்துக்கொண்டு, மகன் சந்தைவரை நடந்துபோய், வேறொழுங்கையாற் சுற்றி, கோட்டைப் பிடித்தே திரும்பிவரட்டும். இருட்டிலும் ஒருமுறை செய்து பார்க்கட்டும். மேலதிகப் பற்றறி நாலை நனையாத உறையிற் கட்டிக்கொள்ளட்டும். வெளிச்சத்துக்கு வேறு ரோர்ச் எடுக்கட்டும். அந்த மலையை அறிந்த ஊரவர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துச் செல்வதற்கு ஐவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

நீங்கள் கேட்ட முதற் கேள்விக்கு, அவன் எங்கே நிற்கிறான் என்று அறிவதற்கு, ஒரு தாள் போதும். எந்த வழியால் ஏறுவார்கள், எந்த ஊரில் இறங்குவார்கள், எத்தனை மணிக்குள் அழைப்பார்கள், வழிகாட்டியின் தொலைபேசி எண் என்ன என்பவற்றை மகனின் கையாலேயே எழுதுவித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்துக்கு மேல் மூன்று மணித்தியாலம் கழிந்தும் அழைப்பு வராவிடில், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு 119க்குச் சொல்லுங்கள். எந்த மலையில், எந்தப் பக்கத்தில் தேடுவதென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிரயாணம் முடிந்ததும் பற்றறிகளைக் கழற்றி வைக்கச் சொல்லவும். ஒரு மழைகாலம் உள்ளேயே கிடந்தால் அவை கசிந்து கருவியைத் தின்றுவிடும். கசிந்த கறையை வினாகிரி தொட்டுத் துடைப்பது எப்படியென்று அடுத்த வாரம் எழுதுகிறோம். ரோர்ச் வைத்திருக்கும் எல்லோருக்கும் அது உதவும்.